பிளக் மகாத்மியம்

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: அவருடைய கொழுந்தனார் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கிறார். தினம் நூறு கிலோ மீட்டர் ஓட்டம். ஸ்பெஷல் ஸ்பார்க் பிளக் ஒன்று வந்திருக்கிறது என்று யாரோ சிநேகிதர் அவரிடம் சொன்னாராம். அதன் முனை மூன்றாகப் பிளந்திருக்குமாம். அதை மாட்டிவிட்டால் வண்டி சீறிக்கொண்டு கிளம்புமாம். பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிச்சமாம்! விலை 700 ரூபாய்.

“அண்ணி, நீங்கள் கொடுத்தால் ஒரே மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா? என் வீட்டுக்காரரைக் கேட்டால், ‘அவன் கேட்டு நீ எதை இல்லையென்று சொல்லியிருக்கிறாய்?’ என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்” என்கிறது கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கொழுந்தனாரின் கணக்கில் பிசகு இல்லை. தினம் 100 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தினம் 2 லிட்டர். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்ச் சுமாருக்கு விற்கிற காலத்தில் தினம் 200 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு மிச்சமானால் தினம் 20 ரூபாய். மாதத்துக்கு 600! பிளக்கின் விலை ஐந்தாவது வாரத்திலேயே வந்துவிடும். அப்புறம் ஆயுள் உள்ளவரை லாபந்தான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? சந்தேகப்பட வேண்டியது பெருக்கலையும் வகுத்தலையும் அல்ல. ஆரம்பத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பத்துப் பங்கைத்தான்.

பிளக் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். சிலிண்டருக்குள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலே எழும்பி அந்தக் கலவையை அழுத்துகிறது. அழுத்தம் உச்சத்துக்கு வருவதற்குச் சற்று முன்பாக, பிளக்கின் நுனியில் உள்ள இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ‘டிக்’ என்று ஒரு பொறி பறக்கிறது. இடைவெளி ஒரு மில்லி மீட்டர்கூட இராது; மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் 0.7, 0.8, 0.9 என்றுதான் இருக்கும். அதைத் தாண்டுவதற்குப் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் வேண்டியிருக்கிறது. பொறி பட்டதும் கலவை பற்றிக்கொள்கிறது. தீ அங்கிருந்து பரவி, சூடு ஏறி, வாயு விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அவ்வளவுதான் பிளக்கின் திருப்பணி. பற்ற வைப்பது அதன் வேலை. தள்ளுவது பெட்ரோலின் வேலை.

அடுப்பு மூட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நமுத்துப்போன நெருப்புக் குச்சியானால் நாலு தடவை உரச வேண்டும், காஸ் வீணாகும், கோபம் வரும். நல்ல குச்சியானால் முதல் உரசலிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் பற்றிக்கொண்ட பிறகு? எட்டணாத் தீப்பெட்டியால் பற்ற வைத்த அடுப்பானாலும் சரி, வெள்ளி லைட்டரால் பற்ற வைத்த அடுப்பானாலும் சரி, சாம்பார் ஒரே நேரத்தில்தான் கொதிக்கும்.

உவமானம் போதாது, கணக்கு வேண்டும் என்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 60 கிலோ மீட்டர் கொடுத்துக்கொண்டு போகிறது. என்ஜின் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றுகிறது. நாலு ஸ்ட்ரோக் என்ஜினாகையால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் பெட்ரோல் எரியும். அதாவது நிமிஷத்துக்கு 2,500 தடவை. ஒரு லிட்டர் பெட்ரோல் 72 நிமிஷம் வரும். ஆக ஒரு லிட்டரை 1,80,000 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்காக அந்தச் சிலிண்டர் எரிக்கிறது! ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பங்கிலும் சுமார் 175 ஜூல். பொறியில் இருக்கும் சக்தி எவ்வளவு தெரியுமோ? ஒரு ஜூலில் நூற்றில் ஐந்து பாகம், அவ்வளவுதான். மூவாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு! பொறியை இரண்டு மடங்கு ஆக்கினாலும் மூன்று மடங்கு ஆக்கினாலும், அந்தச் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. 175 ஜூலையும் தவறாமல் பற்ற வைத்ததா என்பதுதான் கேள்வி. சாதாரண பிளக், நல்ல நிலையில் இருந்தால், அதைச் செய்துவிடுகிறது. ஏற்கனவே முழுசாகப் பற்றிக்கொண்டதை இன்னும் அதிகமாகப் பற்ற வைப்பது எப்படி?

“அப்படியானால் புதுப் பிளக் போட்டவுடன் வண்டி பிரமாதமாக ஓடுகிறது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்களே, அத்தனை பேரும் புளுகர்களா?” என்று கேட்பீர்கள்.

இல்லை. அவர்களில் அநேகர் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். கதையின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கழற்றிப் போட்ட பழைய பிளக் இருக்கிறதே, அதை யாராவது பார்த்தார்களோ? பொறி பறக்கப் பறக்க முனைகள் இரண்டும் தேய்கின்றன. கூர்மையான விளிம்பு மழுங்குகிறது. இடைவெளி அகலமாகிறது. அகலமானால் தாண்டுவதற்கு அதிக வோல்ட் வேண்டும். நடுவில் கரி வேறு படிந்து மின்சாரத்துக்குக் குறுக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிடுகிறது. நூறு தடவையில் ஐந்து தடவை பற்றாமல் போனால் ஐந்து பங்கு பெட்ரோல் எரியாமலே புகைக் குழாய் வழியாகப் போய்விட்டது என்று அர்த்தம். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காமல், தலை நரைப்பது மாதிரி மெதுவாக நடப்பதால் வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. அந்தப் பிளக்கை எடுத்துவிட்டு எந்தப் புதுப் பிளக்கைப் போட்டாலும் வண்டி குதிரையாகத்தான் கிளம்பும். 700 ரூபாய்ப் பிளக்கைப் போட்டார், கிளம்பிற்று. கம்பெனி சொன்ன சாதாரண பிளக்கை நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிப் போட்டிருந்தாலும் அதே மாதிரி கிளம்பியிருக்கும். புதுசு என்பதற்குச் சேர வேண்டிய பெருமையைப் பிளந்த முனை தட்டிக்கொண்டு போய்விட்டது!

இன்னொன்றும் உண்டு. புதுப் பிளக் மாட்டிய மனிதர் அடுத்த ஒரு வாரம் எப்படி ஓட்டுகிறார் என்று கவனியுங்கள். மைலேஜ் பார்க்க வேண்டுமல்லவா? ஆக்ஸிலரேட்டரை அனாவசியமாக முறுக்கமாட்டார். சிவப்பு விளக்கில் என்ஜினை நிறுத்துவார். பிரேக்கைத் தொடவே கூச்சப்படுவார். பெட்ரோல் மிச்சமாகாமல் என்ன செய்யும்? மிச்சம் பிடித்தது அவர் கைதான். பிளக்கைப் புகழ்ந்துகொண்டிருக்கிறார் பாவம்.

முனை பிளந்த பிளக் ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 1990-களிலேயே இது பெரிய பரபரப்பை உண்டாக்கியது. ‘ஸ்பிளிட்ஃபயர்’ என்று பெயர். பக்கத்து முனை நம்முடைய கவண்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். சக்தி அதிகம், பெட்ரோல் செலவு குறைவு, புகை குறைவு என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். உபயோகித்தவர்களின் நற்சாட்சிப் பத்திரங்களுக்கும் குறைவில்லை. அந்த நாட்டில் வியாபார விளம்பரங்களைக் கண்காணிப்பதற்கென்று ஃபெடரல் டிரேட் கமிஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அவர்கள், “நீங்கள் சொல்லுகிறதற்கு ஆதாரம் போதாது” என்று குற்றம் சாட்டினார்கள். 1997-ல் விஷயம் சமரசத்தில் முடிந்தது. தகுந்த சோதனை ஆதாரம் கையில் இல்லாமல் இனிமேல் அப்படி விளம்பரம் செய்வதில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. சமரசம் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. அதையும் சொல்லிவிட வேண்டியது நியாயம். ஆனாலும் ஆதாரம் கைவசம் இருந்திருந்தால் அதை மேஜைமேல் எடுத்துப் போட்டிருப்பார்களே என்று நம் போன்றவர்களுக்குத் தோன்றாமல் இராது.

அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகாவும் 1970-களிலிருந்து, பெட்ரோலை மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகளைப் பரிசீலித்து வந்திருக்கிறது. பிளக் மட்டுமல்ல, காந்தம், காற்றைச் சுழல வைக்கும் சில்லு, பெட்ரோலில் கரைக்கும் மாத்திரை, இத்யாதி இத்யாதி. நூற்றுக்கு மேற்பட்டவை! மிகப் பெரும்பாலானவற்றால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் எதுவும் தென்படவில்லை.

முனை இரண்டானால் பொறியும் இரண்டாகும், மூன்றானால் மூன்றாகும் என்று நம்பித்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். மின்சாரத்துக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது. ஒவ்வொரு தடவையும் எது சுலபமான வழியோ அந்த ஒரே வழியில்தான் அது தாவும். இன்றைக்கு இந்த முனை, நாளைக்கு அந்த முனை என்று மாறி மாறிப் போகலாம். அதனால் தேய்மானம் பங்கிடப்பட்டுப் பிளக் அதிக நாள் உழைக்கும். நாலு முனைப் பிளக்குகளைக் கார்க் கம்பெனிகளே சில வண்டிகளில் வைப்பதற்குக் காரணம் முக்கியமாக இந்த ஆயுள்தான். பலம் அல்ல.

“வாஸ்தவமாகவே இரண்டு பொறி இருந்தால்?” என்று யாராவது விடாக்கண்டர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஆகாயத்தில் இருக்கிறது. பிஸ்டன் என்ஜின் வைத்த சிறு விமானங்களில் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு தனித்தனி மாக்னெட்டோ. ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. கிளம்புவதற்கு முன்னால் விமானி ஒரு மாக்னெட்டோவை மட்டும் நிறுத்திப் பார்ப்பார். செஸ்னா 172 விமானத்தின் ‘எஸ்’ ரகத்தில் என்ஜினை 1,800 சுற்றில் வைத்துக்கொண்டு இந்தப் பரீட்சையைச் செய்கிறார்கள். பாதிப் பொறிகளும் அணைந்துவிட்ட பிறகு சுற்று எவ்வளவு குறைகிறது? 150-க்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. பாதிப் பொறியை அடியோடு எடுத்துவிட்டாலும் 1,800-ல் 150-க்கு உட்பட்ட நஷ்டந்தான். அதுவும், இரண்டு மூலையிலிருந்து பரவ வேண்டிய தீ ஒரே மூலையிலிருந்து பரவ வேண்டியிருப்பதால் ஏற்படும் தாமதம். பொறி பலவீனமானதால் அல்ல.

நம் ஊர்ச் சாலையிலும் இந்தத் தத்துவம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பஜாஜ் கம்பெனியார் 2003-ல் பல்ஸரில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தார்கள். 2012-ல் பல்ஸர் 200 என்.எஸ். வண்டியில் மூன்று வைத்தார்கள். அது வெறும் ஜம்பம் அல்ல. சிலிண்டரின் வெவ்வேறு இடத்தில் தீ மூட்டினால் அது சீக்கிரம் பரவி முடியும். அதற்கேற்றபடி பொறி பறக்கும் நேரத்தையும், எரியும் அறையின் வடிவத்தையும் சேர்த்து அமைத்தார்கள். என்ஜினைக் கட்டும்போதே யோசித்துச் செய்த காரியம் அது. கடையில் வாங்கிய ஒரு பிளக்கில் மூன்று கொக்கி இருப்பதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

கடையில் வாங்காமல் கைவேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் எல்லா வித்தைகளும் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து முனையை அரத்தால் ராவிக் குட்டையாக்குவது ஒன்று. அதில் துளை போடுவது ஒன்று. பிளக்கைத் திருகும்போது கனம் வித்தியாசமான வாஷர் போட்டு, பொறியின் திறந்த பக்கம் இன்ன வால்வைப் பார்க்க வேண்டும் என்று திசை பார்த்து உட்கார வைப்பது இன்னொன்று. மனைக்கு வாஸ்து பார்க்கிற மாதிரி! சிரித்து ஒதுக்கிவிட முடியாது. பந்தய வண்டிக்காரர்கள் உண்மையிலேயே இதைச் செய்கிறார்கள். முனை குறுகலானால் இளந்தீயின் சூட்டை உலோகம் உறிஞ்சுவது கொஞ்சம் குறையும் என்பதும் சாஸ்திர சம்மதமானதுதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் நொடியின் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் அங்கே பரிசு. பந்தயத்துக்குப் பந்தயம் பிளக்கை மாற்றுகிறவருக்கு அது சரி. பாரிமுனை நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்கிறவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? அளக்கும் யந்திரத்தில் ஏற்றினாலும், ஒரே வண்டியை எதையும் மாற்றாமல் இரண்டு தரம் ஓட்டினால் வரும் வித்தியாசத்துக்குள்ளேயே இந்த லாபம் பெரும்பாலும் அமுங்கிப் போய்விடும்.

லாபம் இல்லாவிட்டால் போகட்டும், நஷ்டம் இல்லையே என்று சொல்வதற்கும் இல்லை. பிளக்குக்கு ‘உஷ்ண நிலை’ என்று ஒன்று உண்டு. நுனி சுமார் 450 டிகிரிக்குமேல் சூடாக இருந்தால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-க்குமேல் போனாலோ ஆபத்து. பொறி வருவதற்கு முன்பே சிவந்த நுனியே கலவையைப் பற்ற வைத்துவிடும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை நடுவழியில் தீ அறையும். அந்த அறையில் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்த வண்டிகள் உண்டு. இதற்காகவே ஒவ்வொரு பிளக்கிலும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி. பாஷ் பிளக்கில் எண் ஏற ஏறச் சூடு! ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அனுமானித்தால் வம்புதான். மரையின் நீளமும் அப்படியே. இருக்க வேண்டியதைவிட நீளமான பிளக்கைத் திருகினால் பிஸ்டன் வந்து அதன் மூக்கில் முட்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்தால், பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு வியாபாரப் பேச்சு: “உள்ளே ரெஸிஸ்டர் இல்லாத பிளக், ஸார். தடை இல்லாததால் பொறி பலமாக வரும்!” அந்தக் காலத்தில் ரேடியோவில் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது ஸ்கூட்டரைக் கிளப்பினால், பல்லவிக்கு நடுவில் ‘கர்ர்ர்’ என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? பிளக்கிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைதான் அது. அதை அடக்குவதற்காகப் பிளக்குக்குள் சுமார் 5,000 ஓம் தடை ஒன்றை வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு சின்ன வண்டிகளில்கூடப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையைக் கம்ப்யூட்டர் பெட்டி பார்க்கிறது. ரெஸிஸ்டரை எடுத்துவிட்டால் அந்தப் பெட்டிக்குக் காதடைக்கும். கச்சேரி கெட்டதோடு போகாது. வண்டியே நடுத்தெருவில் திணறும்.

இரிடியம் பிளக்கையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்துத் திட்டிவிடக் கூடாது. அது வேறு ஜாதி. இரிடியம் 2,446 டிகிரியில்தான் உருகும். சாதாரண பிளக்கில் உள்ள நிக்கல் 1,455-லேயே உருகிவிடும். அவ்வளவு உறுதியான உலோகமாகையால் நடு முனையை ஊசி மாதிரி 0.4, 0.6 மில்லி மீட்டர் பருமனில் செய்ய முடிகிறது, நிக்கலானால் 2.5 வேண்டும். ஊசி முனையிலிருந்து பொறி சுலபமாகத் தாவும். குளிர்ந்த என்ஜின் சட்டென்று கிளம்பும். நின்றுகொண்டிருக்கும்போது நடுக்கம் குறையும். இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் வைத்த கார்ப் பிளக்குகள் லட்சம் கிலோ மீட்டர்கூட உழைக்கின்றன. சில கார்களில் பிளக்கை எட்டுவதற்கே என்ஜினின் பாதித் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். அங்கே இரிடியம் கூலியை மிச்சப்படுத்தும். கம்பெனியாரே இரிடியம் போட்டு அனுப்பிய வண்டிக்கு இரிடியமேதான் போட வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆனால் சாதாரண பிளக்குக்கென்று கட்டப்பட்ட நூறு ஸி.ஸி. வண்டியில் அதை மாட்டினால் சக்தி கூடுமா என்றால், கூடாது. சக்தி கூட வேண்டுமானால் அதிகக் காற்றும் அதிகப் பெட்ரோலும் உள்ளே போக வேண்டும். பிளக் வழியாக அவை போவதில்லை.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தில் பிளக்குக்கு இருந்த மகிமையே தனி. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்த காலம் அது. லாம்பிரெட்டா, விஜய் சூப்பர், யமஹா ஆர்.எக்ஸ். 100, எதுவானாலும் ஸ்பானரும் உப்புக் காகிதமும் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஸ்கூட்டர் நின்றுவிடும். பட்டுப் புடைவையும் மல்லிகைப் பூவுமாக அம்மாள் ஒருபுறம் மௌன விரதம். இடுப்பில் குழந்தை அழுகை. ஐயா குந்திக்கொண்டு பிளக்கைக் கழற்றி ஆயிலைத் துடைத்து, கரியைத் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டி, உதைத்து... முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போய்ச் சேர்ந்த தம்பதிகள் எத்தனை பேர்! சாதாரண பிளக் ஆயிலில் மூழ்கித் தவித்த அந்த என்ஜின்களில் மெல்லிய முனைப் பிளக் நிஜமாகவே உபகாரம் செய்தது. அந்தப் பழைய நற்பெயரைத்தான் இன்றைய வியாபாரிகள் நாலு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களிடம் காசாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். முதலில், கம்பெனி சொன்ன அதே எண்ணுள்ள சாதாரண பிளக்கைப் புதிதாகப் போட வேண்டும். பழைய பிளக்கோடு ஒப்பிட்டால் பரீட்சை அல்ல, வேஷம். ஒரே பங்க்கில், ஒரே அடையாளம் வரை பெட்ரோல் நிரப்பி, வழக்கமான பாதையில் நாலைந்து தடவை ஓட்டிக் கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் விசேஷப் பிளக்கை மாட்டி அதே மாதிரி. முக்கியமான நிபந்தனை ஒன்று: எந்த வாரம் எந்தப் பிளக் உள்ளே இருக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது. மெக்கானிக்கும் அண்ணியும் ரகசியம் காக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் மருந்தைச் சோதிப்பதும் இதே முறையில்தான்.

இப்போது வில்லிவாக்கத்துக் கணக்குக்கு வருவோம். பல இருசக்கர வண்டிகளுக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தரம் பிளக்கை மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆபீஸுக்குப் போய்வருகிற சாதாரண மனிதருக்கு அது ஒன்றரை, இரண்டு வருஷம். தினம் நூறு கிலோ மீட்டர் ஓட்டுகிற பிள்ளைக்கு? நாலே மாதம்! வருஷத்துக்கு மூன்று பிளக் அந்த வண்டிக்கு நியாயமாகச் சேர வேண்டியது. அநேகமாக அந்த வண்டி வாங்கின நாளிலிருந்து ஒரே பிளக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, அம்மா, 700 ரூபாயைக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதில் கையேட்டில் எழுதியிருக்கும் அதே பிளக், காற்று வடிகட்டி ஒன்று, சங்கிலிக்கு எண்ணெய், மீதியில் தேய்ந்து உராயும் பிரேக்கைச் சரிசெய்வது என்று செலவழிக்கச் சொல்லுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்பதை வாரத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். பிளக்கை ரசீது கொடுக்கிற கடையில் வாங்க வேண்டும். பெயர் பெற்ற பிளக்குகளுக்குப் போலிகள் ஏராளம், அட்டைப் பெட்டி அச்சு அசலாகவே இருக்கும்.

மாட்டும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கையால் மட்டும் திருக வேண்டும். மரை தப்பாகப் பிடித்தால் சிலிண்டர் தலையே போய்விடும். கை நின்ற பிறகு, புது வாஷர் உள்ள பிளக்கானால், ஸ்பானரால் ஏறக்குறைய அரைச் சுற்றுப் போதும். கழற்றிய பழசை எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கட்டும். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் என்ஜின் சௌக்கியம். காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பாய் வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய்விட வேண்டும். மறு நாளைக்கு என்று வைத்துக்கொள்ளக் கூடாது.